திரும்பி வந்த குடை வண்டிகள்

தணிகாசலம் மொத்தம் பதினான்கு குடை வண்டிகள் செய்தார். அவற்றில் பதினொன்று அவரிடமே திரும்பி வந்தன. யாரும் குறை சொல்லிக்கொண்டு வரவில்லை. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. சர்வீஸ் என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டார்கள், பிறகு எடுத்துப்போக வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதினான்கு வண்டிகளுக்கும் ஒயரிங் செய்தவன் நான். ஐயம்பேட்டையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

குடை வண்டி என்பது எங்கள் ஊர்க்காரர்கள் வைத்த பெயர். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற இரண்டு சக்கரப் பெட்டி அது. மூடியிருக்கும்போது இடுப்பு உயரம்தான். ஓர் இடத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே ஏறும். முன்னும் பின்னும் இழுப்பறை மாதிரி இரண்டு கட்டில்கள் வெளியே வரும். கூரைக்கும் கட்டிலுக்கும் நடுவில் கித்தான் துணி விரிந்து சுவராகிவிடும். பத்து நிமிஷத்தில் நான்கு பேர் படுக்கிற அறை தயார். அமெரிக்காவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்களாம்.

தணிகாசலம் அமெரிக்காவைப் பற்றியெல்லாம் யோசித்த ஆள் இல்லை. பாலாற்றங்கரையில் பயிர் வைத்த குடும்பம். இருபது வயதில் வாலாஜாபாத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்து, தொழில் பழகி, நாற்பது வயதுக்கு மேல்தான் சொந்தமாகக் கொட்டகை போட்டார். சாலையோரம் எங்கள் ஊர் வெங்கடேசனுடைய நிலம். வெங்கடேசன் விவசாயக் குடும்பம்தான், கட்சியிலும் இருந்தார். டிப்பர் கதவு, ரைஸ் மில்லுக்குத் தொட்டி, டிராக்டர் பெட்டி என்று தணிகாசலத்துக்கு வேலை வந்துகொண்டிருந்தது. டேப் எடுப்பதற்கு முன்பே அளவைச் சொல்லிவிடுவார். பிறகு டேப் வைத்துப் பார்த்தால் அரை விரல்கூடப் பிசகியிருக்காது. அதிகம் பேச மாட்டார். பேசினாலும் இரும்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார்.

கொரோனா வந்து எல்லாம் அடைத்துக் கிடந்த 2020ஆம் வருஷம், சென்னையிலிருந்து ஒரு டாக்டர் அம்மா போன் செய்தார். ஜெயப்ரியா என்று பெயர். அவருடைய டிரைவர் வாலாஜாபாத்காரர், அவர்தான் நம்பர் கொடுத்திருக்கிறார். ஐந்து மாதமாக கொரோனா வார்டில் வேலை பார்த்தவர் அந்த அம்மா. பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துப்போக வேண்டும், ஆனால் யாரோ படுத்த ஓட்டல் கட்டிலில் படுக்க வைக்கப் பயம். ஒரு வீடியோவை அனுப்பி, "இந்த மாதிரி பண்ண முடியுமா பாருங்க" என்றார்.

அந்த வீடியோவைத் தணிகாசலம் எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கில்லை. என் கடைக்கு வந்து, போனை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

"இங்க பாரு கைலாசம். நாலு மூலையும் ஒண்ணா ஏறுது. ஒரே கைப்பிடி. உள்ள எப்படி கம்பி ஓடுதுன்னு காட்டவே மாட்றான்."

"வெளிநாட்டு சாமான்ணா. நமக்கு எதுக்கு?"

"மனுசன் பண்ணதுதானபா?"

நான்கு மாதம் ஆயிற்று. ஒரு மூலை ஏறினால் இன்னொரு மூலை நின்றுவிடும், கூரை சாய்ந்துகொள்ளும். அவிழ்ப்பார், அறுப்பார், மறுபடியும் வெல்டு வைப்பார். கித்தான் தைக்க ஆள் கிடைக்கவில்லை. லாரி தார்ப்பாய் தைக்கிறவர்கள் நேர்க்கோடுதான் தைப்பார்கள். இதற்கு மூலைக்கு மூலை வளைவு, ஜன்னல், ஜிப், வலை. கடைசியில் அவர் மனைவி காவேரிதான் தைத்தார். அதுவரை தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவர். "ஒரு லாரிக்கு ரவிக்கை தைக்கிற மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, கனமான பழைய மெஷின் ஒன்றைக் கொட்டகையிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் வண்டியின் கூரை நான்கு மூலையும் ஒன்றாக ஏறி நின்ற அன்று நான் அங்கே இருந்தேன். தணிகாசலம் அதை இறக்கினார், மறுபடி ஏற்றினார். ஏழெட்டு தடவை அப்படியே செய்தார். காவேரி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் ஜிப்பைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

ஜெயப்ரியா அந்த வண்டியை ஏலகிரிக்கு இழுத்துப்போனார். அங்கிருந்து ஒரு போட்டோ வந்தது. விரிந்த கித்தானுக்குள் விளக்கு எரிகிறது, இரண்டு பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு சீட்டாடுகிறார்கள். நான் மாட்டிய விளக்குதான். தணிகாசலம் அதைப் போன் முகப்பில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நல்ல காலம். டாக்டர்கள், ஐ.டி.காரர்கள், அடையாறு பக்கம் ஒரு வக்கீல். எல்லாருக்கும் ஊருக்கு வெளியே போக வேண்டும், யாரையும் தொடக் கூடாது. கொட்டகை வாசலில் சென்னை கார்கள் நின்றன. பட்டு எடுக்க வந்தவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள் சிலர் வழியில் இறங்கி வேடிக்கை பார்த்துவிட்டு ஆர்டரும் கொடுத்துப்போனார்கள். தணிகாசலம் பழைய வேலைகளைத் தள்ளிவிட்டார். ரைஸ் மில்காரர் தொட்டி ஓட்டை என்று மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார். டிராக்டர்காரர்களும் அப்படியே. "திரும்பி வருவாங்கபா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினான்காவது வண்டி 2022 ஆடி மாதம் போயிற்று. அதற்குப் பிறகு கேட்டு வந்தவர்கள் கேட்டதோடு சரி. ஊர் திறந்துவிட்டது, ஓட்டல் திறந்துவிட்டது, யாரைத் தொட்டாலும் பயமில்லை.

முதலில் திரும்பி வந்தது பிரேம்நாத்தின் வண்டி. வேளச்சேரி அப்பார்ட்மென்ட்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. 2023 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தார். அவர் மட்டும் இறங்கினார். மனைவியும் மகளும் ஏ.சி. போட்ட காரிலேயே இருந்தார்கள்.

"ஒரு ரெண்டு வாரம் இங்க இருக்கட்டும்ண்ணே. ஒரு கார் நிறுத்துற இடத்தை அடைச்சுக்குதுன்னு அசோசியேஷன்ல சண்டை."

தணிகாசலம் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் ஒடுங்கியிருந்தது.

"இது எப்படி சார் ஆச்சு?"

"ஏற்காடு போனோம். வளைவுல எதிர்ல பஸ் வந்துடுச்சு. ரிவர்ஸ் எடுத்தா இது ஒரு பக்கமா மடங்கிக்கிச்சு. பின்னாடி எவ்வளவு வண்டி தெரியுமா? எல்லாரும் ஹாரன். என் பொண்ணு அழுதுட்டா."

"ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கணும் சார். லேசா. இப்பவே வாங்க, இந்த கிரவுண்டுல கத்துக் குடுக்கறேன். அரை மணி நேரம்தான்."

பிரேம்நாத் கார் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இல்லண்ணே. இப்பல்லாம் போன்ல புக் பண்ணா அவங்களே டென்ட் போட்டு வெச்சிருக்காங்க. பாத்ரூமோட. நாம சும்மா போய் இறங்கினா போதும்."

கொக்கியைக் கழற்றினார். கார் கிளம்பும்போது கையை ஆட்டினார். தணிகாசலம் அன்றைக்கே ஒடுக்கு எடுத்து பெயின்ட் அடித்து வைத்தார். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார். பிரேம்நாத் அடுத்த மாதம் என்றார். அடுத்த மாதம் போனையே எடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஒருவருக்கு வண்டி நிறுத்த இடமில்லை. ஒருவரைப் பின்னால் என்ன வண்டி, காகிதம் எங்கே என்று போகிற இடமெல்லாம் போலீஸ்காரர்கள் நிறுத்திக் கேட்டார்களாம். வக்கீல், காரின் மேலேயே ஏணி வைத்து ஏறிப் படுக்கிற கூடாரம் வாங்கிவிட்டார். இன்னொருவர் சொன்னது நியாயமான காரணம்: மழையில் நனைந்த கித்தானை மடித்தால் பூசணம் பிடிக்கிறது, வீட்டில் விரித்துக் காயவைக்க மொட்டைமாடிக்கு இதை எப்படி ஏற்றுவது? வராமல் போனவை மூன்று. ஒன்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் மோட்டார் சாமான் போட்டு வைக்கும் அறையாக இருப்பதாகக் கேள்வி. மற்ற இரண்டும் கைமாறிப் போய் எங்கே என்று தெரியவில்லை.

ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து போனில் தேடிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவிலேயே இந்த வண்டியை வாங்குவோர் குறைந்துவிட்டார்கள், பெரிய பெரிய கம்பெனிகளே செய்வதை நிறுத்திவிட்டன என்று போட்டிருந்தது. தணிகாசலத்துக்குப் படித்துக் காட்டினேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எப்ப நிறுத்தனாங்களாம்?"

"கொஞ்ச வருஷம் ஆச்சுண்ணா. நாம ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குறைஞ்சுக்கினுதான் இருந்திருக்குது."

"அப்ப நாம ஆரம்பிச்சதே அவங்க முடிச்ச பிறகா" என்றார். எழுந்து போய்விட்டார். படித்துக் காட்டியிருக்க வேண்டாம்.

கொட்டகை நிறைந்து வெளியிலும் வண்டிகள் நின்றன. வெயில் அடித்தால் தணிகாசலமும் காவேரியும் சேர்ந்து ஒவ்வொரு வண்டியாகக் கூரை ஏற்றிக் காயவைப்பார்கள். காவேரி பூசணத்தைத் துடைத்து, இற்றுப்போன தையலைப் பிரித்து மறுபடி தைப்பார். அதற்கு யாரும் கூலி தரவில்லை. அடுத்தவர் பொருள் கெட்டுப்போகக் கூடாது என்று செய்தார்கள். அந்த வருஷ டிசம்பர் மழை ஒரு வாரம் விடாமல் பெய்தபோது, வெளியே இருந்த ஆறு வண்டிகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது.

தை மாதம் காவேரி ஓர் ஆசையைச் சொன்னார்.

"ஏங்க, எத்தனையோ பேரு போய் வந்தாங்க. நாம ஒரு நாள் போலாமா? கடலாண்ட."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பதினான்கு வண்டி செய்தவரிடம் அதை இழுக்க ஒரு கார் கிடையாது. வெங்கடேசனிடம் அவருடைய பொலிரோவைக் கேட்டார்கள், கொடுத்தார். தணிகாசலம் ஜெயப்ரியாவுக்குப் போன் செய்து, இங்கே நிற்கிற உங்கள் வண்டியை ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "தாராளமா" என்றார் அந்த அம்மா. காவேரி எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டார். இரண்டு தலையணைக்குப் புது உறை போட்டார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே முதலில் நிறுத்திய இடத்தில், இது ரிசார்ட் இடம் என்று செக்யூரிட்டி அனுப்பிவிட்டார். இன்னும் கொஞ்ச தூரம் போய் ஒரு சவுக்குத்தோப்பு ஓரமாக நிறுத்தினார்கள். அங்கிருந்து கடல் தெரிந்தது. தணிகாசலம் கைப்பிடியைச் சுற்றினார். மூன்று மூலை ஏறிற்று. நான்காவது ஏறவில்லை. மழைத் தண்ணீரில் உள்ளே கம்பி துருவேறி அறுந்திருந்தது. கூரை ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. கையில் இருந்த ஸ்பேனரை வைத்துக்கொண்டு, கீழே படுத்தும் மேலே ஏறியும் இரண்டு மணி நேரம் பார்த்தார். மணலில் உட்கார்ந்திருந்த காவேரி, "விடுங்க, சாப்பிடலாம்" என்றார். சாப்பிட்டார்கள். சரிந்த கூரையைக் கயிறு போட்டுக் கட்டி, பொழுது சாய்வதற்கு முன் திரும்பிவிட்டார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் காவேரிதான். "நான் கேட்டிருக்கவே கூடாதுபா" என்றார்.

பங்குனியில் வெங்கடேசன் கொட்டகைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தணிகா, நான் ஒண்ணும் தொரத்தலபா. என் தம்பிங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டாங்க. ஒரு கம்பெனி குடோன் கட்டப்போறான். ஆனிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடு."

"இதுங்களை எங்க கொண்டுபோறது?" என்று கேட்டார் தணிகாசலம். வெங்கடேசன் அந்தப் பதினொன்றையும் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

ஏதாவது ஒரு வழியில் இவை யாருக்காவது பயன்படட்டும் என்று தணிகாசலம் அலைந்தார். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, கித்தானுக்குப் பக்கத்தில் அடுப்பா என்று போய்விட்டார். ஓரிக்கை பக்கம் ஒரு செங்கல் சூளையில், வேலையாட்கள் தங்க ஆகுமா என்று கேட்டுப் பார்த்தார், ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார் மேஸ்திரி. வைகாசி கருட சேவைக்கு வெளியூர் ஜனம் வந்து குவியுமே, தங்க இடம் தேடுமே என்று நினைத்து, நல்ல நிலையில் இருந்த மூன்று வண்டிகளைச் சாலையோரம் விரித்து வைத்தோம். நான் விளக்கெல்லாம் மாட்டிக் கொடுத்தேன். ஜனம் விடியற்காலையில் பஸ்ஸில் வந்தது, சாமி பார்த்தது, பத்து மணிக்குள் திரும்பிவிட்டது. நிழலுக்காக நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்து, "சுகர் டெஸ்ட் இங்கதான் எடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் தணிகாசலம்.

அதன் பிறகுதான் உடைத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் உரியவர்களைக் கேட்காமல் கைவைக்க மாட்டேன் என்றார். என் கடையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். இரண்டு பேர் எடுக்கவே இல்லை, அவர்களுக்கு விஷயத்தை எழுதி மெசேஜ் அனுப்பினார். வக்கீல், "எந்த வண்டி?" என்று கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகு, "அட, அது இன்னும் இருக்கா" என்றார். பிரேம்நாத், "சாரிண்ணே, நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க" என்று வேகமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஜெயப்ரியா மட்டும் கொஞ்ச நேரம் பேசினார். பெரியவன் மருத்துவக் கல்லூரி, சின்னவள் ஹாஸ்டல். இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வருவதே அபூர்வமாம்.

"பசங்க போட்டோ இன்னும் என் போன்ல இருக்குது மேடம். ஏலகிரில எடுத்தது."

"எந்தப் போட்டோ?"

"சீட்டாடிக்கினு இருப்பாங்களே."

"அப்படியா? என்கிட்ட இல்லையே. பழைய போன் போயிடுச்சு. எனக்கு அனுப்புங்களேன்."

அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் கைகூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது. தணிகாசலம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைக்கு வந்த ஒருவர் பல்பு கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

பழைய இரும்புக்காரர் தானே ஆள் வைத்து அறுத்துக்கொள்கிறேன் என்றார். தணிகாசலம் விடவில்லை. அவரே கிரைண்டர் எடுத்தார். ஒன்பது நாள் ஆயிற்று. நான் போட்ட ஒயர்களை உருவ நானும் தினம் போனேன். தான் வைத்த வெல்டு ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் நேராக வைத்து அறுப்பார். காவேரி கித்தான்களைப் பிரித்து அடுக்கினார். அதைப் பழைய இரும்புக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ஒரு கூரையைக் கழற்றும்போது, "கைலாசம், ஒரு முறை ஏத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கைப்பிடியில் கை வைத்தவர், சுற்றவில்லை. "வேணாம்" என்று சொல்லிவிட்டு கிரைண்டரை எடுத்தார்.

இப்போது அந்த இடத்தில் நீல நிறத் தகர குடோன் நிற்கிறது. தணிகாசலம் ஒரகடம் பக்கம் கப்பல் கன்டெய்னர்களை சைட் ஆபீசாக மாற்றுகிற ஒரு யார்டுக்கு வேலைக்குப் போகிறார். வேலை என்றால், வேறு யாரோ சாக்பீஸால் கோடு போட்டிருக்கும் இடத்தில் ஜன்னலுக்கு ஓட்டை அறுப்பது. அளவு தப்பு என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். கோட்டின் மேல் அறுத்தால் போதும் என்றாராம் சூப்பர்வைசர், மகன் வயதுக்காரர். அதற்குப் பிறகு சொல்வதில்லை. காவேரி காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் நிற்கிறார். தையல் மெஷினை எடைக்குப் போட்டாகிவிட்டது.

போன மாதம் எனக்குத் தெரிந்த ரைஸ் மில்லில் ஒரு தொட்டி செய்ய ஆள் கேட்டார்கள். சின்ன வேலைதான், அவருக்கு இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"அளவெல்லாம் மறந்துபோச்சுபா."

"ரெண்டு நாள் வேலைண்ணா. இடம்கூட அங்கேயே குடுக்கறாங்க."

"வேற ஆளைப் பாரு."

காவேரி டீ கொண்டுவந்து வைத்தார். அவராவது கணவரைப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கியிருந்தது. தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு அவரும் டி.வி. பார்க்க ஆரம்பித்தார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் மில்காரரிடம், அவர் இப்போது அந்த வேலையெல்லாம் செய்வதில்லை என்று சொல்லிவிட்டேன்.